ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் காலி டப்பா

போனட்டைத் திறந்தால், ஏர் ஃபில்டர் பாக்ஸிலிருந்து த்ராட்டில் பாடிக்கு (என்ஜினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) போகும் கறுப்பு ஹோஸின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா தெரியும். சில கார்களில் அது ஃபில்டருக்கும் முன்னாலேயே, பம்பருக்குப் பின்புறம் ஃபெண்டருக்குள் மறைந்திருக்கும். பெரும்பாலும் ஒரே ஒரு வாய்தான். கழற்றிக் குலுக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. "இது சும்மாதான் சார் இருக்கு, எடுத்துட்டா பிக்கப் நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஓட்டையை அடைத்துத் தருகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதன் பெயர் ரெசனேட்டர். உள்ளே காலியாக இருப்பதுதான் அதன் வேலையே.

என்ஜின் காற்றைச் சீராக இழுப்பதில்லை. வால்வு திறக்கும்போது ஒரு இழுப்பு, மூடும்போது ஓடிவந்த காற்று முட்டி நிற்கும் ஒரு இடி. இந்த ஏற்ற இறக்கம் அழுத்த அலையாகக் குழாய் வழியே பின்னோக்கி ஓடி, காற்று நுழையும் வாயில் ஒலியாக வெளியே வருகிறது. நாலு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு இழுப்பு. 3,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50 சுற்று, ஆக 100 ஹெர்ட்ஸ். மூன்று சிலிண்டரில் அதே வேகத்தில் 75 ஹெர்ட்ஸ். காதைத் துளைக்கிற ஒலி அல்ல இது. கேபினுக்குள் நெஞ்சில் அடிக்கிற மாதிரி "உம்ம்" என்று நிற்கும், நெடுந்தூரப் பயணத்தில் தலைவலி கொடுக்கும் ரகம்.

கடம் வாசிப்பவரைக் கவனித்திருப்பீர்கள். கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் அடித்தால் அடித்தொனி மாறும். பானைக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங், வாயில் இருக்கும் காற்று அதில் தொங்கும் எடை. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் ஆடும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணக்கிட்டுக் காட்டிய இந்த ஒத்ததிர்வுதான் ரெசனேட்டரிலும் நடக்கிறது. குழாயில் அழுத்தம் ஏறும்போது டப்பா காற்றை வாங்கிக்கொள்கிறது, இறங்கும்போது திருப்பித் தருகிறது. டப்பாவின் ஆட்டமும் வரும் அலையின் ஆட்டமும் ஒரே அதிர்வெண்ணாக இருந்தால் அலை அந்த இடத்தைத் தாண்டி வெளியே போக முடியாது.

உதாரணத்துக்கு 2 லிட்டர் கொள்ளளவு, 4 செ.மீ. விட்டமுள்ள கழுத்து, அதன் பயன்படு நீளம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் சுமார் 135 ஹெர்ட்ஸ் வரும். நாலு சிலிண்டர் என்ஜின் 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டும் இடத்தில் எழும் ஒலி அது. அதிர்வெண்ணைப் பாதியாகக் குறைக்க வேண்டுமென்றால் கொள்ளளவு நாலு மடங்காக வேண்டும். மூன்று சிலிண்டர் கார்களில் இந்த டப்பாவுக்கு இடம் தேடுவது சிரமமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். டப்பாவுக்குப் பதிலாக ஒரு முனை மூடிய குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் அது கால் அலைக் குழாய். 25 செ.மீ. நீளமிருந்தால் ஏறத்தாழ 340 ஹெர்ட்ஸைப் பிடிக்கும். ஒரே காரில் இரண்டு மூன்று இருப்பதும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஒலி.

இப்போது "பிக்கப்" விஷயம். பக்கவாட்டில் தொங்கும் ரெசனேட்டர் வழியாகக் காற்று என்ஜினுக்குப் போவதே இல்லை. எனவே அது காற்றைத் தடுக்கவும் இல்லை. எடுத்துவிட்டால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது உறுமல் கேட்கும், வண்டி சீறுவதுபோல் தோன்றும். கிடைத்தது சத்தம் மட்டும்தான். அதோடு வெளிக்காற்றை ஃபில்டருக்குக் கொண்டுவரும் குழாயான ஸ்னார்க்கலையும் சேர்த்துக் கழற்றி, போனட்டுக்குள் இருக்கும் காற்றையே இழுக்கவிட்டால் சக்தி குறையவே செய்யும். 30 டிகிரி வெளிக்காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்று போனால் அதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு.

சத்தத்தோடு போயிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. ரெசனேட்டர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில், அதன் ஒவ்வொரு இணைப்பும் என்ஜினுக்குள் திறக்கும் கதவு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அதில் ஒரு சிறு பங்கு விரிசல் வழியாக ஃபில்டரை ஏமாற்றிவிட்டுப் போனாலும், புழுதி நேராக பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே போய் உட்காரும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ், சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. தேய்மானம் பல ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு ஆயில் குறைவதாகவும் புகையாகவும்தான் வெளியே தெரியும். அப்போது யாரும் அந்த டப்பாவை நினைத்துப் பார்ப்பதில்லை.

உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டியில் இன்னொரு சிக்கல். சென்சாருக்குப் பின்னால் விரிசல் விட்டால், கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ, அளந்த காற்றுக்கு மட்டும் பெட்ரோல் தரும், கலவை மெலியும், செக் என்ஜின் லைட் எரியும். ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு வரும். மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில் த்ராட்டிலுக்கு முன்னால் எவ்வளவு பெரிய விரிசல் இருந்தாலும் இந்தக் குறியீடு வராது, ஏனென்றால் அந்தச் சென்சார் த்ராட்டிலுக்குப் பின்னால் உள்ள அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. அதனால் அந்த வண்டிகளில்தான் ஆபத்து அதிகம் என்பது எங்கள் கருத்து. புழுதி போய்க்கொண்டே இருக்கும், ஒரு விளக்கும் எரியாது.

டர்போ டீசலில் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையே கசிந்தால் புழுதி முதலில் அடிப்பது கம்ப்ரஸர் சக்கரத்தை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும் அந்த இறக்கைகளின் ஓரம் அரிபட்டுவிடும். டர்போவுக்கு அடுத்த குழாயிலும் சில வண்டிகளில் ஒரு சிறு ரெசனேட்டர் உண்டு, விசில் சத்தத்தை அடக்குவதற்கு. அது அழுத்தத்தில் இயங்குவது. அங்கே பிளந்தால் "ஸ்ஸ்" என்ற சத்தம், இழுவைக் குறைவு, கரும்புகை.

சோதிப்பது கடினமல்ல, என்ஜின் ஆறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபில்டர் பாக்ஸின் கிளிப்புகளை விடுவித்து, ஹோஸ் கிளாம்பைத் தளர்த்தி, ரெசனேட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். பல கார்களில் 10 எம்எம் சாக்கெட் போதும். ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஃபில்டருக்குப் பின்பக்கம் ஹோஸின் உட்சுவரைத் துடையுங்கள். லேசான எண்ணெய்ப் பசை ஒட்டினால் பயமில்லை, அது கிராங்க்கேஸ் ஆவி வரும் வழி. அந்தப் பசையோடு நறநறவென்று பொடி உரசினால் எங்கோ புழுதி நுழைகிறது. பல சமயம் அது ஒரு கோடாகப் படிந்திருக்கும். கோடு எந்த இணைப்பில் தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு.

விரிசல் விடும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: டப்பாவின் கழுத்து ஹோஸோடு சேரும் மூலை, இரண்டு பாதிகளை ஒட்டிய தையல், ஹோஸின் மடிப்புகளுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத பக்கம். மடிப்பை இரண்டு கையாலும் வளைத்துப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். ஐடிலில் நன்றாக இருந்து, கியர் போட்டு இழுக்கும்போது மட்டும் தடுமாறும் வண்டியில் இதைத்தான் முதலில் பாருங்கள். என்ஜின் மவுண்டில் அசையும்போது விரிசல் வாய் திறக்கும். கார்ப் கிளீனரைப் பீச்சி ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனை இங்கே சரிவராது, ஐடிலில் த்ராட்டிலுக்கு முன்னால் வெற்றிடம் ஏறக்குறைய இல்லை. குழாய்க்குள் புகையைச் செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் நம்பகமானது. எல்பிஜி, சிஎன்ஜி கிட் போட்ட வண்டி ஒருமுறை பேக்ஃபயர் ஆனாலும் ஃபில்டர் பாக்ஸையும் ரெசனேட்டரையும் கட்டாயம் கழற்றிப் பார்த்துவிடுங்கள், தையல் பிளந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பிளந்ததை எம்-சீல் வைத்து அடைப்பது வழக்கமாகிவிட்டது. டப்பாவின் மேல் சிறிதாக 'பிபி' என்று அச்சாகியிருந்தால் அது பாலிபுரோப்பிலீன், எந்தச் சாதாரண ஒட்டும் பொருளும் அதில் பிடிக்காது. சூட்டிலும் அதிர்விலும் சில மாதங்களில் உதிரும். ஃபில்டருக்குப் பின்னால் என்றால் அந்தத் துண்டு எங்கே போகும் என்று யோசியுங்கள். ஃபில்டருக்கு முன்னால் இருந்தால் பிளாஸ்டிக் வெல்டிங் செய்து ஓட்டலாம். பின்னால் இருந்தால் புதிது மாற்றுவதைத் தவிர வேறு எதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ஃபெண்டருக்குள் தாழ்வாக இருக்கும் சில ரெசனேட்டர்களின் அடியில் சிறு ஓட்டை இருக்கும். அது பழுதல்ல, தண்ணீர் வடிவதற்காக வைத்தது. அடைத்துவிட்டால் மழைநீர் உள்ளேயே தங்கும். 2 லிட்டர் டப்பாவில் 1 லிட்டர் தண்ணீர் நின்றால் 135 ஹெர்ட்ஸ் 190க்கு ஏறிவிடும், மழைக்காலத்தில் திடீரென்று வண்டி வேறு குரலில் பேசுவதற்கு இதுவும் காரணமாகலாம். தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டிய வண்டி நின்றுபோனால், ஸ்டார்ட் செய்து பார்க்காமல் முதலில் ஃபில்டரைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் சாவியைத் தொடாதீர்கள், சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராட் வளையும்.

திரும்பப் பொருத்தும்போது கழுத்தில் இருக்கும் ஓ-ரிங்கை மறக்க வேண்டாம். பழைய டப்பாவிலேயே ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விடும். கிளாம்ப், ஹோஸின் விளிம்பில் இல்லாமல் அதற்கான பள்ளத்தில் உட்கார வேண்டும். பிறகு என்ஜினை ஓடவிட்டு, ஹோஸைக் கையால் இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள். சத்தமோ ஆர்பிஎம்மோ மாறினால் மறுபடி கழற்றுங்கள்.