கையுறை போட்டுப் பிடித்தால் சிப்மங்க் பழகாது

கட்டுப் போட்ட விரலோடு வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் இதையேதான் சொல்கிறார்கள்: "பழகட்டும்னு கையுறை போட்டு தினமும் பிடிச்சோம் டாக்டர், இன்னும் கடிக்குது." தினமும் பிடித்ததால்தான் கடிக்கிறது.

சிப்மங்க் அணில் இனத்தைச் சேர்ந்த சின்னக் கொறிவிலங்கு, பிற விலங்குகளுக்கு இரை. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்துதான். தடித்த கையுறைக்குள் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது நமக்கே தெரியாது. சுமார் 100 கிராம் எடையுள்ள உடம்பு அது. நெஞ்சுக்கூடு அழுந்தினால் மூச்சு முட்டும். திமிறுவது நின்றதும், "பார், அடங்கிடுச்சு" என்கிறார்கள். அடங்கவில்லை, பயத்தில் உறைந்துபோயிருக்கிறது. மறுநாள் கை கூண்டுக்குள் நுழைவதற்கு முன்பே பாயும். மூக்கில் சுண்டிவிடுவதும் இப்படித்தான்: கை என்றால் வலி என்ற பாடத்தை நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

தயவுசெய்து வாலைப் பிடிக்காதீர்கள். வால் தோல் உறை மாதிரி அப்படியே உருவி வந்துவிடும். உரிந்த தோல் திரும்ப வளராது. மிச்ச வாலை வெட்டியெடுக்க வேண்டிவரும்.

புதிதாக வந்ததற்கு முதல் ஐந்து நாள் சாப்பாடு, தண்ணீர், பேச்சுக்குரல் மட்டும் போதும். உறங்கும் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாம். பிறகு சூரியகாந்தி விதையைத் தீவனக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அது இனி உங்கள் கையில் மட்டும்தான் கிடைக்க வேண்டும். மற்ற தீவனத்தைக் குறைக்காதீர்கள், பட்டினி போட்டுப் பழக்குவது கொடுமை. வாசனையில்லாத சோப்பால் கை கழுவி, உள்ளங்கையை விரித்துக் கூண்டுத் தரையில் வைத்து, நடுவில் ஒரே ஒரு விதை வையுங்கள். பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். முதலில் கழுத்தை நீட்டி விதையைப் பறித்துக்கொண்டு ஓடும். பல நாள் கழித்து, முன்கால் இரண்டையும் உள்ளங்கையில் ஊன்றி நின்று, விதையை உருட்டிக் கன்னப்பையில் தள்ளும். அந்த நேரத்தில் விரலை மடக்கினால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. வாரக்கணக்கில் ஆகும், சிலது தொட விடாமலே இருந்துவிடும். தூக்கியே ஆக வேண்டும் என்றால் அட்டைக் குழாய்க்குள் போகவிட்டு இரு முனையையும் மூடி எடுங்கள்.

கம்பி இடுக்கில் விதை நீட்டாதீர்கள். கம்பிக்குள் வருவதெல்லாம் தீனி என்று பழகிவிட்டால், குழந்தையின் விரலும் தீனிதான்.

கடித்துவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்கவோ உதறவோ கூடாது. இழுத்தால் காயம் கிழியும், உதறினால் அது எகிறி விழுந்து முதுகெலும்பு முறியும். கையைக் கூண்டுத் தரையில் இறக்கி அசையாமல் வையுங்கள், தானே விடும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு வருடங்கள் ஆகியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இவ்வளவு சிறிய கொறிவிலங்குகளிடம் வெறிநோய் மிக அரிது. ஆனாலும் தடுப்பூசி வேண்டுமா என்பதை மருத்துவரே தீர்மானிக்கட்டும்.

நன்றாகப் பழகிய சிப்மங்க் திடீரென்று கடித்தால் காலத்தைப் பாருங்கள். பகல் குறுகும் இலையுதிர் காலத்தில் தீவனம் பதுக்கும் வேகத்தில் பலவற்றுக்கு மூர்க்கம் ஏறும், வசந்தத்தில் தணியும். அதுவரை கூண்டுக்குள் கைவிடுவதைக் குறைத்து, பதுக்கிவைத்ததை அது வெளியே இருக்கும்போது மட்டும் அப்புறப்படுத்துங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அள்ளிவிடாதீர்கள். காலம் அதுவல்ல, தாடை ஈரமாக இருக்கிறது, எடுத்த விதையைக் கீழே போடுகிறது என்றால் வெட்டுப்பல் அளவுக்கு மீறி வளர்ந்திருக்கலாம். நகவெட்டியால் நீங்களே வெட்டாதீர்கள், பல் பிளந்துவிடும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.