பேன்டர்: கலாய்ப்பா, லாவணியா?

கால்பந்து பார்க்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்த வாட்சப் குழு எதிலும் பேன்டர் என்ற ஆங்கிலச் சொல் வாரம் ஒருமுறையாவது தலைகாட்டும். ஆர்சனல் தோற்ற மறுநாள் காலையில் ஒருவன் கோப்பை இல்லாத அலமாரிப் படத்தை அனுப்புவான். ஆர்சனல் ரசிகன் பொங்குவான். உடனே சமாதானம் வரும்: “சும்மா பேன்டர்டா, சீரியஸா எடுத்துக்காத.” இந்த ‘சும்மா’வுக்குள் ஒளிந்திருப்பதை வெளியே இழுத்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

பேன்டர் என்றால் ஒருவரையொருவர் விளையாட்டாகச் சீண்டிப் பேசிக்கொள்வது. அகராதிப் பொருளில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, பேச்சில் பகை இருக்கக் கூடாது. இரண்டு, அடி வாங்கியவருக்குத் திருப்பி அடிக்க இடம் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையைத்தான் பலரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சொல்லின் பிறப்பு யாருக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் 1670களில் திடீரென்று எழுத்தில் தென்படுகிறது. எந்த மொழியிலிருந்து வந்தது என்பதற்கு அகராதிக்காரர்களிடம் விடை இல்லை. ஆனால் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1710இல் எழுதும்போது, இது ஒயிட்ஃபிரையர்ஸ் ரவுடிகளிடம் பிறந்து, பிறகு வேலைக்காரர்களின் வாய்க்கு வந்து, கடைசியில் படித்த பண்டிதர்களிடம் போய்ச் சேர்ந்தது என்கிறார். ஒயிட்ஃபிரையர்ஸ் லண்டனில் ஃப்ளீட் தெருவை ஒட்டிய பகுதி. முன்பு மடம் இருந்த இடம் என்பதால் அங்கே புகுந்தவனைக் கடனுக்காகக் கைது செய்ய முடியாது. கடன்பட்டவர்களும் எத்தர்களும் குவிந்து கிடந்தார்கள். 1697இல்தான் அந்தச் சலுகை ஒழிந்தது. அப்படிப்பட்ட இடத்துச் சொல் என்பதால் அன்றைய பொருளும் அதற்கேற்றபடிதான் இருந்தது: ஒருவனை ஏய்ப்பது, முட்டாளாக்கி வேடிக்கை பார்ப்பது. நட்பு, செல்லம் எல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டவை. இந்தச் சொல்லைத் தடுத்து நிறுத்த ஆன மட்டும் முயன்றேன், கூட்டம் என்னைத் தோற்கடித்துவிட்டது என்றும் ஸ்விஃப்ட் அதே ஆண்டு புலம்பியிருக்கிறார். மனிதர் இன்றைக்கு ஒரு கால்பந்து மைதானத்துக்குள் போயிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

கால்பந்து இந்தச் சொல்லைத் தத்தெடுத்த விதத்தைப் பார்க்க மான்செஸ்டரை விடச் சிறந்த ஊர் இல்லை. அங்கே நடப்பதைச் சொல்லத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: பங்காளிக் காய்ச்சல். ஒரே ஊரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு கிளப்புகள், யுனைடெட்டும் சிட்டியும். சிட்டி 1976இல் லீக் கோப்பையை வென்ற பிறகு பல்லாண்டுகள் பெரிய கோப்பை எதையும் தொடவில்லை. யுனைடெட் ரசிகர்கள் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில், ஸ்ட்ரெட்ஃபோர்ட் எண்ட் பக்கம், ஒரு பதாகை கட்டினார்கள். அதில் இருந்தது பங்காளி வெறுங்கையோடு கழித்த ஆண்டுகளின் எண்ணிக்கை. ஆண்டு முடிந்தால் எண்ணை மட்டும் மாற்றுவார்கள். ஒரு வசை கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது; வெறும் கணக்கு. நான் பார்த்ததில் மிகச் சுத்தமான பேன்டர் இதுதான். 2011 மே மாதம் சிட்டி எஃப்.ஏ. கோப்பையை வென்றதும் பதாகை இறங்கியது.

அதற்குள் எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. 2009இல் கார்லோஸ் டெவெஸ் யுனைடெட்டை விட்டு சிட்டிக்குப் போனார். நகரத்தில் வானநீல நிறத்தில் பெரிய விளம்பரத் தட்டி முளைத்தது. கைகளை விரித்து நிற்கும் டெவெஸ், மேலே ‘மான்செஸ்டருக்கு நல்வரவு’ என்ற வாசகம். வெளியூர்க்காரனுக்கு இதில் ஒன்றும் புரியாது. யுனைடெட்டின் மைதானம் கணக்குப்படி மான்செஸ்டர் மாநகர எல்லைக்கு வெளியே, டிராஃபோர்டில் இருக்கிறது. ‘நீ இத்தனை நாள் இருந்தது ஊருக்கு வெளியேதான், இப்போதுதான் ஊருக்குள் வந்திருக்கிறாய்’ என்பதுதான் குத்து.

அந்த செப்டம்பரில் இரண்டு அணிகளும் மோதின. கூடுதல் நேரத்தின் ஆறாவது நிமிடத்தில் மைக்கேல் ஓவன் அடித்த கோலில் யுனைடெட் 4-3 என்று வென்றது. பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் அன்று சொன்னது இன்றுவரை ஓடுகிறது: பக்கத்து வீட்டுக்காரன் சத்தம் போட்டால் என்ன செய்ய முடியும், நம் வீட்டு டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு நம் பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான். ‘சத்தம் போடும் பக்கத்து வீட்டுக்காரர்’ என்பது சிட்டியின் பட்டப்பெயராகவே ஆகிப்போனது. 2011 அக்டோபரில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஓல்ட் டிராஃபோர்டுக்கே வந்து ஆறு கோல் போட்டு 6-1 என்று வென்றபோது, டிவி சத்தம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்காத சிட்டி ரசிகன் இல்லை. எசப்பாட்டு என்றால் இப்படி இருக்க வேண்டும். எதிராளியின் வரியை எடுத்தே எதிராளிக்குப் பாட வேண்டும்.

வடக்கு லண்டனில் ஆர்சனல்காரர்கள் இதையே ஒரு பண்டிகையாக்கிவிட்டார்கள். டாட்டன்ஹாம் இனி எத்தனை ஆட்டம் வென்றாலும் புள்ளிப்பட்டியலில் தங்களைத் தாண்ட முடியாது என்று கணக்கு முடியும் நாளுக்கு ‘புனித டாட்டரிங்ஹாம் திருநாள்’ என்று பெயர். அப்படி ஒரு புனிதர் கிடையாது, பக்கத்து கிளப்பின் பெயரைத் திரித்ததுதான். 1996 முதல் 2016 வரை ஒரு வருடம்கூடத் தவறாமல் இந்தத் திருநாள் வந்தது. 2016இல் டாட்டன்ஹாம் கடைசி நாள்வரை முன்னால் இருந்தது. ஏற்கெனவே கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டுவிட்ட நியூகாசில் அணி, பத்துப் பேரோடு ஆடி, அவர்களை 5-1 என்று அடித்தது. ஆர்சனல் ரசிகர்களுக்கு அன்று சிரித்துச் சிரித்து வயிற்றுவலி. அடுத்த ஆண்டே கணக்கு மாறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் டாட்டன்ஹாம்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.

ஆட்டக்காரர்களைக் கலாய்ப்பதில் ஒரு விசித்திரம் உண்டு. மோசமான ஆட்டக்காரனை யாரும் நெடுநாள் நினைவில் வைத்துக் கலாய்ப்பதில்லை. பெரிய ஆள் சறுக்கினால்தான் சுவை. ஸ்டீவன் ஜெரார்டு லிவர்பூலின் அணித்தலைவராக இருந்தவர்; அந்தக் கிளப்பின் மிகச் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர்களில் ஒருவர். 2014 ஏப்ரல் 27 அன்று, லீக் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, செல்சீக்கு எதிராகச் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் கால் வழுக்கி விழுந்தார். பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய டெம்பா பா கோல் அடித்தார். அந்த ஒரு வழுக்கலை வைத்துப் பாட்டு கட்டி எதிரணி ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் பாடினார்கள். மனிதர் லீக் பட்டம் இல்லாமலே 2015இல் லிவர்பூலை விட்டுப் போனார். கொடுமைதான். ஆனால் அவர் பெரிய ஆள் என்ற ஒப்புதல் அந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு இணையாக நான் எப்போதும் சொல்வது கொல்கத்தா. 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். ஆட்டத்துக்கு முன்னால் மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா எதிரணி ஆட்டக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தார். பைச்சுங் பூட்டியா ‘சுங் சுங்’ ஆனார். ஓமோலோ என்ற கென்யக்காரர் ‘ஆம்லெட்’. சோசோ என்பவர் ‘சோஷா’, வங்காளத்தில் வெள்ளரிக்காய். சால்ட் லேக் மைதானத்தில் அன்று கூடியவர்கள் 1,31,781 பேர். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. மூன்று கோல் பைச்சுங்குடையது. பட்டப்பெயர் வைத்தவர் முகத்தில் அசடு வழிய, நகரமே சிரித்தது. ஆனால் ஒன்றை விட்டுவிட முடியாது: ஆம்லெட், வெள்ளரிக்காய் என்பவை சிறுபிள்ளைத்தனம். வடகிழக்கு முகம் கொண்ட ஒருவரை ‘சுங் சுங்’ என்பது அந்த வகையில் சேராது. அன்று பலருக்கு அது உறைக்கவில்லை.

‘சும்மா’வின் மறுபக்கம் இங்கேதான் தொடங்குகிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பேன்டர் என்ற சொல் பிரிட்டனில் ஒரு கேடயமாக மாறியிருக்கிறது. 2014இல் மால்கி மக்கே என்ற பயிற்சியாளரின் இழிவான குறுஞ்செய்திகள் வெளியானபோது, பயிற்சியாளர் சங்கம் அவற்றை நண்பர்களுக்கிடையிலான பேன்டர் என்று விளக்கி, பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. 2021இல் யார்க்ஷயர் கிரிக்கெட் கிளப்பில் அசீம் ரஃபீக் சந்தித்த இனவசை விவகாரத்திலும் இதே சொல் விசாரணை அறிக்கைக்குள் வந்து நாடாளுமன்றம்வரை போனது. மைதானங்களிலும் அப்படியே. 1958இல் யுனைடெட் அணி சென்ற விமானம் மியூனிக்கில் விபத்துக்குள்ளாகி 23 பேர் இறந்தார்கள். 1989 ஹில்ஸ்பரோ நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். இந்தச் சாவுகளை வைத்துக் கோஷம் போடுகிறவர்களும் அதைப் பேன்டர் என்றுதான் சொல்லிவந்தார்கள். 2023 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிக்கு 97 என்ற எண்ணும் ‘போதாது’ என்ற வாசகமும் பொறித்த சட்டையோடு வந்த ஒருவருக்கு நீதிமன்றம் அபராதம் போட்டு, நான்கு ஆண்டுகள் மைதானத்துக்குள் வரத் தடையும் விதித்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

தொல்காப்பியம் சிரிப்பு பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: “எள்ளல் இளமை பேதைமை மடன்”. எள்ளல் முதலில் நிற்பதைக் கவனிக்கலாம். ஆனால் எள்ளலை இன்று பேன்டருக்கு வைத்தால் பொருந்தாது. அதில் இகழ்ச்சி தூக்கலாக இருக்கிறது. மேலேயிருந்து கீழே பார்க்கும் பார்வை. நையாண்டி, பகடி இரண்டும் எழுத்துக்கும் மேடைக்கும் பழகிவிட்டன. நக்கல் கொஞ்சம் திமிரோடு வரும், ‘என்ன, நக்கலா?’ என்று சட்டைக் காலரைப் பிடிக்கும் தொனி அதில் உண்டு. கிண்டல் என்பது கிண்டுவதிலிருந்து வருவது, குடைந்து பார்க்கும் வேலை. கேலி வடமொழியில் விளையாட்டு என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. எனவே பேன்டரின் நல்ல முகத்துக்கு அது நெருக்கம். தூய தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் நகையாடல் என்று எழுதலாம், தவறில்லை. ஆனால் மைதானத்தில் நின்றுகொண்டு ‘நகையாடாதே மச்சான்’ என்று யாரும் சொல்லப்போவதில்லை.

ஈழத் தமிழில் இன்னும் கூர்மையான ஒரு ஜோடி இருக்கிறது. பகிடி என்றால் வேடிக்கைப் பேச்சு. ‘பகிடி விடாதே’ என்பது அன்றாட வழக்கு. பல்கலைக்கழகங்களில் புது மாணவர்களைப் பாடாய்ப் படுத்தும் ராகிங்குக்கு அங்கே பெயர் பகிடிவதை. ஒரே வேரிலிருந்து சிரிப்பும் சித்திரவதையும். மக்கே விவகாரத்தில் பயிற்சியாளர் சங்கம் கோட்டைவிட்ட வேறுபாட்டை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. நான் செய்தி எழுதினால், ‘அது பேன்டர்தான்’ என்று சாதிக்கப்படும் வசைகளுக்குப் பகிடிவதை என்றே போடுவேன்.

தனியொருவன் ஒரு வரியில் செய்கிற வேலைக்குக் கலாய்ப்பு போதும். சென்னைப் பேச்சில் பிறந்தாலும் இன்று தமிழ்நாடு முழுக்கப் புரியும். பேன்டரில் இரு பக்கமும் பேச வேண்டும் என்கிற நிபந்தனைக்கு நமக்குப் பெயர்ச்சொல்லே தேவையில்லை. ‘மாறி மாறி ஓட்டிக்கொண்டார்கள்’ என்றால் அந்தக் ‘கொண்டார்க’ளிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இருக்கிறதே என்பதற்காக நாமும் ஒன்றைத் தேடி அலைவது பத்திரிகைத் தமிழின் பழைய நோய்.

அப்படியும் ஒரு பெயர்ச்சொல் வேண்டும், ஆண்டுக்கணக்கில் இரண்டு கூட்டம் விடாமல் மோதிக்கொள்வதைச் சொல்ல வேண்டும் என்றால், என் தேர்வு லாவணி. தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பாடுவார்கள். சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. கேள்வியைப் பாட்டாகப் போட்டு, விடையைப் பாட்டாக வாங்கி, விடிய விடிய நடக்கும். யாரும் யாரையும் ஒத்துக்கொள்ள வைக்கப்போவதில்லை என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். மறுவருடமும் அதே கேள்விதான். மெஸ்ஸியா ரொனால்டோவா என்ற வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. அரசியல் செய்திகளில் ‘லாவணி பாடுகிறார்கள்’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம், விளையாட்டுப் பக்கத்துக்கும் கொண்டுவரலாம். லாவணி மராட்டியத்திலிருந்து வந்தது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். தஞ்சைக்கு வந்து தமிழில் பாடத் தொடங்கி எவ்வளவோ காலமாகிவிட்டது.

இதில் முறை என்ற ஒன்றும் உண்டு. மாமன் மச்சான் முறையில் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பேசலாம், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். அந்த முறை இல்லாதவன் பேசினால் பல் போகும். சென்னையின் எஃப்.சி.யின் ரசிகர் குழு ஒன்று தனக்கு ‘சூப்பர் மச்சான்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டது தற்செயலோ என்னவோ, கேலிக்கான உரிமையைப் பெயரிலேயே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எதிரில் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சப்படை. சென்னைக்காரர்களின் பாட்டு எப்போதும் ஒன்றுதான்: எங்களிடம் 2015லும் 2018லும் வென்ற ஐ.எஸ்.எல். கோப்பை இரண்டு இருக்கிறது, நீங்கள் 2014, 2016, 2022 என்று மூன்று இறுதிப் போட்டி ஆடி மூன்றிலும் தோற்றவர்கள். கேரளத்தின் எசப்பாட்டும் ஒன்றுதான்: கொச்சியில் எங்கள் கூட்டத்தைப் பார், உங்கள் நேரு ஸ்டேடியத்து நாற்காலிகளைப் பார்.

ஒரு சொல் பாக்கி. தொடர்ந்து சொதப்பி, எதிரிகளுக்கு இலவசமாகச் சிரிப்பு வழங்கும் அணியை இப்போது ‘பேன்டர் கிளப்’ என்கிறார்கள். அதற்குப் புதிதாக ஒன்றும் உருவாக்க வேண்டாம். ‘சந்தி சிரித்த கிளப்’ என்று எழுதுங்கள், எந்தக் கிளப் என்று வாசகரே பெயர் போட்டுக்கொள்வார்.