சாயங்காலம் தளரும் கால்களும் லெவோடோபா சோதனையும்

காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக நடந்துபோகும் பிள்ளை, சாயங்காலம் பாதம் உள்பக்கம் வளைந்து, நுனிக்காலில் தடுமாறித் திரும்புகிறது. தூங்கி எழுந்தால் தேவலை. எம்ஆர்ஐயிலும் கோளாறு இல்லை. இந்தப் பிள்ளையின் சீட்டில் ‘மூளை வாதம்’ என்று எழுதுமுன் லெவோடோபா (மூளையில் டோபமைனாக மாறும் மருந்து) கொடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். இது செகாவா நோயாக இருக்கலாம். உடலசைவை ஒழுங்குபடுத்தும் டோபமைன் என்ற மூளை ரசாயனம் சுரக்க உதவும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவதால் வருவது. அதற்கான ஜிசிஎச்1 மரபணு 1994இல் கண்டறியப்பட்டது.

குமரி மாவட்டத்தில் கால் கோணினால் பலர் முதலில் போவது வர்ம ஆசானிடம். எண்ணெய் தடவிப் படுத்துறங்கிய பிள்ளை காலையில் நன்றாக நடக்கும். அது உறக்கம் தந்த தெளிவு; இந்த நோயின் அடையாளமே அதுதான். தடவலால் குணம் என்று நம்பி ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

சோதனைக்கு முன், உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்: ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் புரதம், கண்ணில் செம்பு வளையம். பிறகு ஒரே நாளில் காலையிலும் சாயங்காலமும் பிள்ளை நடப்பதை போனில் வீடியோ எடுங்கள். ஆஸ்பத்திரிக்குக் காலையில் வரும் பிள்ளையிடம் கோணல் தெரியாது.

மருந்தின் அளவை நரம்பியல் மருத்துவரே முடிவுசெய்வார். வழக்கம், கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் லெவோடோபாவில் தொடங்குவது. 20 கிலோ பிள்ளைக்கு ‘125’ மாத்திரையில் (லெவோடோபா 100 மில்லிகிராம், வாந்தியைக் குறைக்கும் துணைமருந்தான கார்பிடோபா 25 மில்லிகிராம்) ஏறக்குறையக் கால் பங்கு. வாரத்துக்குக் கால் பங்காகக் கூட்டி, கிலோவுக்கு 4–5 மில்லிகிராம் வரை, அதாவது ஒரு முழு மாத்திரையை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, கொண்டுபோவார்கள். பலன் போதாவிட்டால் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரையும் போவதுண்டு. சொந்தத்தில் கல்யாணம் செய்த பெற்றோரின் பிள்ளை என்றால் இதே நோய்வகையைச் சேர்ந்த வேறு குறைபாடும் இருக்கலாம்; அங்கே இன்னும் குறைவாக, இன்னும் மெதுவாகத் தொடங்க வேண்டும்.

கடையில் ‘125’க்குப் பதில் ‘110’ தந்தால் வாங்காதீர்கள். இரண்டிலும் லெவோடோபா 100தான். கார்பிடோபா 25க்குப் பதில் 10தான் இருக்கும். வாந்தி கூடும், வீட்டார் மருந்தை நிறுத்திவிடுவார்கள். புட்டும் பயறும், மீன்கறியும் சேர்ந்த சாப்பாட்டோடு கொடுத்தாலும் ஏறாது. புரதம் லெவோடோபாவோடு போட்டியிடும். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே கொடுங்கள். குமட்டினால் ஒரு துண்டு மரச்சீனி போதும். இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

அளவைக் கூட்டும்போது கைகால் தானாக நெளிந்தால் நோய் முற்றியதாகப் பயப்பட வேண்டாம். அளவு அதிகம் என்று பொருள். மருத்துவரைக் கேட்டுக் குறைக்கலாம், சட்டென நிறுத்தக்கூடாது.

பலருக்குச் சில நாட்களிலேயே நடை மாறும். அதற்காக ஒரு வாரத்தில் ‘மருந்து கேட்கவில்லை’ என்று கைவிட்டால் அது சோதனையே ஆகாது. போதிய அளவை எட்டியபின் ஒரு மாதமாவது பார்த்து, பழைய வீடியோவோடு ஒப்பிட்டே சொல்ல வேண்டும். மருந்து கேட்டுவிட்டால், வீட்டில் நடுக்கமோ நடைத்தளர்ச்சியோ உள்ள பெரியவர்களையும் அடுத்தமுறை கூட்டி வாருங்கள்; அதே மரபணு அவர்களிடம் பார்க்கின்சன் போலவும் காட்டும்.