68 ஹெர்ட்ஸ் தாலாட்டு

பழைய சி-130 ராணுவச் சரக்கு விமானத்தின் புரொப்பல்லருக்கு நான்கு இறக்கைகள். நிமிடத்துக்கு 1,020 சுற்று, அதாவது விநாடிக்கு 17. நான்கால் பெருக்கினால் விநாடிக்கு 68 அதிர்வுகள். நெஞ்சுக்கூட்டையே அதிரவைக்கும் இந்த 68 ஹெர்ட்ஸ் உறுமல்தான் வலைப்பட்டை இருக்கையில் பயணிக்கும் சிப்பாய்க்குத் தாலாட்டு. இந்திய விமானப்படையின் சி-130ஜே-யில் ஆறு இறக்கைகள், ஆகவே 102 ஹெர்ட்ஸ்.

இதிலும் தூங்குகிறார்கள். தூங்கும் மூளையை உசுப்புவது சத்தத்தின் அளவைவிட அதன் மாற்றம்தான். ஒரே சீரான இரைச்சல் சிறிது நேரத்தில் பழகிவிடும். பாசறையில் அவ்வப்போது படாரென்று அடிக்கும் இரும்புக் கதவு பழகாது. ஆனால் மூளை பழகினாலும் காது பழகாது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு. கூடும் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அது பாதியாகும்.

அதனால் ஃபோம் இயர்பிளக் கட்டாயம். பலரும் அதைக் காது வாசலில் செருகியதோடு விட்டுவிடுகிறார்கள். கையைக் கழுவி, மடிப்பு விழாமல் விளக்குத்திரி போல மெல்லியதாக உருட்டுங்கள். காதுக்குழாய் வளைந்தது, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் நேராகும். உள்ளே விட்டு அரை நிமிடமாவது விரலால் அழுத்திப் பிடியுங்கள். குளிரில் ஃபோம் விறைத்து மெதுவாகவே விரியும். முதலில் உள்ளங்கையில் சூடேற்றுங்கள். சரியாக அமர்ந்தால் சொந்தக் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் முதலில் கசிவது தாழ்ந்த ஒலிதான், அதாவது அதே புரொப்பல்லர் உறுமல். கழற்றும்போது மெல்லத் திருகுங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் செவிப்பறை வலிக்கும்.

அதற்கு மேலே, காதை முழுதாக மூடும் இயர்மஃப் மாட்டினால் இரண்டின் டெசிபலும் கூடிவிடாது. ஐந்து முதல் பத்து வரைதான் கூடுதல் பலன். மண்டையோடு வழியாக வரும் ஒலியை இவை இரண்டும் தடுப்பதில்லை.

தரையில் படுப்பவருக்குப் போர்வையைவிடப் பாய் முக்கியம். உடல் எடையில் நசுங்கிய ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பகுதியில் காற்று இருக்காது, மண் வெப்பத்தை உறிஞ்சிவிடும். ஃபோம் பாய் இல்லையா, அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடலாம். பாய் குட்டையானால் தோளுக்கும் இடுப்புக்கும் முதலிடம். உலர்ந்த காலுறை போட்டால் பாத ரத்தநாளங்கள் விரிந்து உடலின் உள்வெப்பம் வெளியேறும். உள்வெப்பம் சற்றுத் தணிவதால் தூக்கமும் சீக்கிரம் பிடிக்கும்.

காதை அடைத்தவருக்குக் கூப்பிட்டால் கேட்காது. யார் வந்து தொட்டு எழுப்புவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவரின் மந்தம் தெளிய 15 முதல் 30 நிமிடம் பிடிக்கும். காவல் மாற்றும் நேரத்துக்கு அவ்வளவு முன்னதாகவே எழுப்ப வேண்டும்.