வாலில் கூடும் ஒரு கிராம்

மாதிரி விமானம் கட்டக் கற்றுக்கொள்ள வருபவர்கள் முதலில் மோட்டாரைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, "கிராம் காட்டும் தராசு வைத்திருக்கிறீர்களா?" அநேகமாக இருக்காது.

"மோட்டாருக்கு வலு போதவில்லை" என்று ஒருவர் தன் விமானத்தைக் கொண்டுவந்தார். திட்டப்படி 600 கிராம் இருக்கவேண்டியது, தராசில் 720 காட்டியது. மூக்கைத் திறந்தால் உள்ளே 90 கிராம் ஈயம். ஏன்? வாலில் 30 கிராம் கூடிவிட்டது. சமநிலைப் புள்ளியிலிருந்து வால் 60 செ.மீ. தள்ளி, மூக்கோ 20 செ.மீ. தள்ளி. எனவே வாலில் ஏறிய ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் தண்டம்.

எடை 20 சதவீதம் ஏறினால் விமானம் ஸ்டால் ஆகும் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கையால் விமானத்தைத் தூக்கி நிறுத்த முடியாத வேகம், சுமார் 10 சதவீதம் கூடும். எனவே தரையிறங்கவும் அவ்வளவு கூடுதல் வேகம் வேண்டும். விழுந்தாலோ மோதும் ஆற்றல் ஏறக்குறைய 44 சதவீதம் அதிகம். நேராகப் பறந்துகொண்டிருக்கும்போது இந்தக் கூடுதல் எடை தெரியாது. 60 டிகிரி சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பும்போது இறக்கை இரு மடங்கு பாரம் தாங்கவேண்டும். கனத்த விமானங்கள் திருப்பத்தில் விழுவதற்கு இதுவே காரணம். பலர் காற்றின்மேல் பழி போடுவார்கள்.

கடையில் ஒரே அளவில் அடுக்கிவைத்திருக்கும் பால்சா என்ற லேசான மரத்தின் பலகைகள் ஒரே எடை அல்ல. 1.5 மி.மீ. கனம், 75 மி.மீ. அகலம், 915 மி.மீ. நீளமுள்ள ஒன்று 10 கிராம் இருக்கும், பக்கத்தில் இருப்பது 20 இருக்கும். வாங்கியதும் தராசில் எடை பார்த்து, பென்சிலால் எடையை அதன்மேலேயே எழுதிவிடுங்கள். லேசானது வாலுக்கு. கனமானதை இறக்கையின் நீளவாக்கில் ஓடிப் பாரம் தாங்கும் ஸ்பாருக்கு வைத்துக்கொள்ளலாம்.

பசைதான் சத்தமில்லாத திருடன். வெள்ளைப் பசை காயும்போது அதிலுள்ள தண்ணீர் போய்விடும். இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் எபாக்ஸிப் பசையோ, பூசிய எடை அப்படியே தங்கிவிடும். மோட்டார் பொருத்தும் பலகை, இறக்கையின் நடு இணைப்பு, சக்கரக்கால் பொருந்தும் இடம் ஆகிய மூன்றுக்கும் எபாக்ஸி தாராளமாகப் போடுங்கள், அங்கே கஞ்சத்தனம் ஆபத்து. வால் பக்கம் அந்தக் குப்பியைத் திறக்கவே வேண்டாம். பெயின்ட்டும் அப்படியே.

சிலர் இறக்கைக்கு வடிவம் தரும் விலாக்களில் ஓட்டை போட்டுத்தான் எடை குறைக்கத் தொடங்குவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஒரு கிராம்கூடத் தேறாத விலாவில் என்ன மிச்சமாகும்? "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒட்டிய குச்சிகளைத் தேடினால் அதைவிடப் பெரிய பாரம் கிடைக்கும்.

மோட்டாரைக் குறை சொல்லி வந்தவரின் விமானத்துக்கு வாலைப் புதிதாகக் கட்டினோம். பழையது 48 கிராம், புதியது 18. ஈயம் முழுவதையும் எடுத்துவிட்டு, பேட்டரியை ஒரு விரல் அகலம் முன்னே தள்ளினோம். மோட்டாரை மாற்றவில்லை.