பெருந்தமனி வீக்கமும் அதன் சுவருக்குள் நடக்கும் அழற்சியும்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார் பக்கத்திலிருந்து சிறுநீரகக் கல் என்றோ புராஸ்டேட் தொந்தரவு என்றோ ஸ்கேன் எடுக்க வருகிற முதியவர்கள் சிலருக்கு, வயிற்றுப் பெருந்தமனி (இதயத்திலிருந்து வரும் முதன்மை இரத்தக்குழாயின் வயிற்றுப் பகுதி) விரிந்திருப்பது எதிர்பாராமல் தென்படுகிறது. ஏறக்குறைய 2 செ.மீ. விட்டம் இருக்க வேண்டிய குழாய் 3 செ.மீ. அளவை எட்டினால் அதை அனியூரிசம் என்கிறோம். விவரத்தைச் சொன்னதும் வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏனுங்க டாக்டரு, அந்த வீக்கம் கரையறதுக்கு மாத்திரை ஏதும் இல்லீங்களா?"

இல்லை. வெளியே பார்ப்பதற்கு வீக்கமாகத் தெரிந்தாலும், உள்ளே நடப்பது சுவரின் அரிப்பு. பெருந்தமனிச் சுவருக்கு நெகிழ்வைத் தருபவை எலாஸ்டின் இழைகள்; உறுதியைத் தருவது கொலாஜன். மேக்ரோபேஜ், டி செல் போன்ற அழற்சி அணுக்கள் சுவருக்குள் புகுந்து தங்கிவிடும்போது, அங்கே பெருகும் மெட்டலோபுரோட்டினேஸ் நொதிகள் அந்த இழைகளைச் சிதைக்கின்றன. சிதைந்த துண்டுகளே மேலும் அழற்சி அணுக்களை வரவழைக்கின்றன. சுவரைப் பழுதுபார்க்க வேண்டிய தசை அணுக்களும் மடிவதால், கரையான் புகுந்த நிலைச்சட்டம் போலச் சுவர் உள்ளுக்குள் வலுவிழந்து இரத்த அழுத்தத்துக்கு இடம் கொடுத்துவிடுகிறது.

அந்த நொதிகளைத் தடுக்கக்கூடிய டாக்ஸிசைக்ளின் மருந்தை, சிறிய வீக்கம் உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. வீக்கம் வளரும் வேகம் குறையவில்லை. எனவே கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ இதைக் குணப்படுத்தும் என்று எண்ணுவதற்கு இடமே இல்லை. பீடி, சிகரெட்டை நிறுத்துவது மட்டும் வளர்ச்சியைத் தணிக்கிறது. வியப்பாகத் தோன்றலாம், ஆனால் சர்க்கரை நோயாளிகளிடம் இந்த வீக்கம் குறைவாகவே காணப்படுகிறது. அதற்காகச் சர்க்கரையை யாரும் வரவேற்க வேண்டியதில்லை.

இந்த வீக்கம் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அழற்சியே மேலோங்கிய வகை வருகிறது. அவர்களுக்குச் சுவர் தடித்து, சுற்றிலும் நார்த்திசு படர்ந்து, சிறுநீர்க்குழாயையும் சிறுகுடலையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முதுகுவலி, எடை குறைதல், உயர்ந்த ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு) ஆகியவை சேர்ந்து வரும். இங்கே ஸ்டீராய்டுக்கு ஓரளவு வேலை உண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

ஒரு காலத்தில் அழற்சியையே மருந்தாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. 1948-இல் ஐன்ஸ்டீனின் பெருந்தமனி வீக்கத்தை அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிஸ்ஸன் செலோஃபேன் தாளால் சுற்றினார். தாள் கிளப்பும் அழற்சியால் தழும்பு படர்ந்து சுவர் இறுகும் என்பது கணக்கு. அந்த வீக்கம் 1955-இல் வெடித்துத்தான் அவர் இறந்தார்.

65 வயதைத் தாண்டிய, என்றேனும் புகைத்த ஆண்கள் ஒரு முறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்வது நல்லது. ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 செ.மீ. அளவை எட்டும்போது அறுவைச் சிகிச்சையோ ஸ்டென்ட் கிராஃப்டோ (இரத்தக்குழாய்க்குள் பொருத்தும் செயற்கைக் குழாய்) பேசப்படும். அதுவரை குறித்த இடைவெளியில் அளந்து பார்த்தால் போதும். வீக்கம் இருப்பது தெரிந்தவருக்குத் திடீரென வயிறோ இடுப்போ கடுமையாக வலித்து மயக்கம் வந்தால், வாயு என்று ஊசி போட்டுக் காத்திராமல், பழைய ஸ்கேன் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு பாலக்காட்டிலோ கோவையிலோ இரத்தக்குழாய் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு ஆம்புலன்சில் நேரே கொண்டு செல்லுங்கள்.