வேதியியலாளரைச் சம்பளத்துக்கு வைத்த கும்பல்கள்

மதுவைத் தடை செய்தால் குற்றம் குறையத்தானே வேண்டும், அமெரிக்காவில் ஏன் தலைகீழாக நடந்தது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை அங்கே மதுவைத் தயாரிப்பதும் விற்பதும் ஏற்றிச்செல்வதும் குற்றம். குடிப்பது குற்றமில்லை! வாங்குபவர்கள் அப்படியே இருந்தார்கள். தொழில் மட்டும் கை மாறியது. சிகாகோவின் கும்பல் தலைவர்கள் டோரியோ, அல் கபோன் கதைகள் பலருக்கும் தெரியும். என்னை ஈர்ப்பது அதற்குள் இருக்கும் வேதியியல்.

பெயின்ட், கரைப்பான் என்று தொழிற்சாலைகளுக்கு எத்தனால் வேண்டும், மதுவில் போதை தருவதும் அதுதான். அதைத் தடை செய்ய முடியாது. யாரும் குடிக்காமலிருக்க, மெத்தனால் போன்ற நஞ்சுகளைக் கலந்து வரியில்லாமல் விற்கும் வழக்கம் 1906 முதலே உண்டு. கும்பல்கள் அதைத் திருடியோ போலி நிறுவனங்களின் பெயரில் வாங்கியோ மறுபடி காய்ச்சின. மெத்தனால் சுமார் 65 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், எத்தனால் 78-ல். வித்தியாசம் வெறும் 13 டிகிரி. வெறும் பாத்திரத்தில் காய்ச்சினால் இரண்டும் கலந்தே ஆவியாகும். உயரமான தூண் ஒன்றில் ஆவியை ஏற்றி, தட்டுக்குத் தட்டு குளிர்ந்து மறுபடி ஆவியாக விட்டால்தான் மெத்தனால் மேலே பிரிந்து போகும். இது சில்லறைத் திருடன் செய்கிற வேலையா? தூண், கிடங்கு, லாரி, படித்த ஆளுக்குச் சம்பளம், போலீசுக்கு மாமூல் எல்லாம் தாங்கும் பெரிய அமைப்பு வேண்டும். பிரிப்பதைக் கடினமாக்க அரசு 1927 தொடக்கத்தில் மெத்தனாலின் அளவைக் கூட்டியது. பெரிய கும்பல்களுக்கு அதனால் போட்டிதான் குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

சரியாகப் பிரியாத சரக்கும் விற்பனைக்கு வந்தது. கல்லீரலில் ஒரே நொதிதான் இரண்டையும் சிதைக்கிறது, அதுவும் எத்தனாலைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் குடித்த இரவு ஒன்றும் தெரியாது. எத்தனால் தீர்ந்த பிறகே மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பைத் தாக்கும். அதற்குள் விற்றவன் போயிருப்பான்.

நியூயார்க்கின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நோரிஸ் இந்தச் சாவுகளுக்கு அரசையே வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அவர் பக்கம்தான் நானும். குடிப்பான் என்று தெரிந்தே நஞ்சைக் கூட்டுவது கொள்கையே அல்ல.

சட்டவிரோத வணிகம் என்பதால் கும்பல்கள் நீதிமன்றம் போக முடியாது, எல்லைத் தகராறைத் துப்பாக்கிதான் தீர்த்தது. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் 7 பேர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். 1933-ல் தடை நீங்கியது. கும்பல்கள் கலையவில்லை, பணமும் ஆட்களும் கையில் இருந்ததால் சூதாட்டத்துக்கும் தொழிற்சங்கங்களை மிரட்டிப் பணம் பறிப்பதற்கும் நகர்ந்தன.